நான் அழிக்கச் சொன்ன அஞ்சல்கள்

விஜயதசமி அன்று தொடங்கும் காரியம் விளங்கும் என்பார்கள். அன்று காலை காபி குடித்த கையோடு உட்கார்ந்து, என் லேப்டாப்பின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றத் தொடங்கினேன்.

பல மாதமாக அது என்னை நச்சரித்துக்கொண்டிருந்தது. பழையதற்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, மாறுங்கள், மாறுங்கள் என்று திரையின் மூலையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். ஒன்றை இரண்டு முறைக்கு மேல் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் நாள் பார்த்துத்தான் செய்வேன் என்று ஒத்திப்போட்டேன். இரண்டு நாள் முன்னதாகவே எல்லாவற்றையும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தேன். ஆயுத பூஜையன்று லேப்டாப்பையும் அந்த டிஸ்க்கையும் சிவப்புத் துணிமேல் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்துக் கும்பிட்டேன். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது, தொடவில்லை. இவ்வளவு முறையாகச் செய்தவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது? முப்பது வருடம் பள்ளி அலுவலகத்தில் ஒரு காகிதம் தொலையாமல் வேலை பார்த்தவள் என்ற திமிர் வேறு.

ஏற்றுவதற்கு முன் அது ஒரு கேள்வி கேட்டது. உங்கள் கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா, அல்லது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா? பூஜைக்காக வீடு முழுக்க ஒட்டடை அடித்து முடித்த கை அது. துடைத்துவிடு என்று அழுத்தினேன்.

மதியச் சமையல் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லேப்டாப் புத்தம் புதுசாக எழுந்தது. என் மின்னஞ்சல் நிரலைத் திரும்ப ஏற்றித் திறந்தேன். உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. ஒரு அஞ்சல்கூட இல்லை. அதுவரை எனக்குப் பயமில்லை. நகல்தான் இருக்கிறதே. ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து ஒயரைச் செருகினேன். அதில் வழக்கமாக மினுங்கும் சின்ன விளக்கு எரியவில்லை. மறுபக்கம் செருகினேன். வேறு ஒயர் மாற்றினேன். ஊதிப் பார்த்தேன். அது செத்ததுபோல் கிடந்தது.

அப்போதுதான் பயந்தேன். அதில் என் அஞ்சல்கள் மட்டும் இருந்திருந்தால் இரண்டு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். அதில் இருந்தவை என்னுடையவை அல்ல.

ஓய்வு பெற்றதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில், சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் புக்கிட் மேராவிலிருந்து பஸ் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போய்வருகிறேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், காய்கறிக் கடைக்கு மேலே ஓர் அறை. வேலையிடத்தில் அடிபட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் ஐந்தாறு பேர் அங்கே கூடுவோம். அடிபட்டவர்கள் எடுத்த போட்டோ, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் என் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்வேன். ஆளுக்கொரு ஃபோல்டர், மொத்தம் பதினோரு பேர்.

தொழிலாளர் விடுதியில் சூப்பர்வைசர் போனை வாங்கித் துழாவுகிறார் என்று இரண்டு பேர் வந்து அழுததிலிருந்து எல்லோருக்கும் ஒரே சட்டம் போட்டேன். "போட்டோவ எனக்கு மெயில் பண்ணுங்க. பண்ணதும் போன்லேர்ந்து அழிச்சிடுங்க. அனுப்புன மெயிலையும் அழிச்சிடுங்க. எங்கிட்ட குடுத்தாச்சுல்ல, நான் பத்திரமா வச்சிருக்கேன்." இதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். பள்ளியில் பிள்ளைகளின் அடையாள அட்டையை வாங்கி வைக்கும்போது வரும் அதே குரல்.

என் நிரலும் என்னைப்போலத்தான். அஞ்சல் வந்ததும் என் கணினிக்குள் இறக்கிக்கொண்டு, இணையத்தில் கிடக்கும் பிரதியை அழித்துவிடும். நான்தான் அப்படி அமைத்திருந்தேன். அடுத்தவர் கஷ்டம் யாருடைய கணினியிலோ கிடக்கக் கூடாது, எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது என் கொள்கை. ஆக, அந்த அஞ்சல்கள் உலகத்தில் இரண்டே இடத்தில் இருந்தன. ஒன்றை அன்று காலை நானே துடைத்துவிட்டேன். இன்னொன்று என் கையில் விளக்கு எரியாமல் கிடந்தது.

பதினோரு பேரில் ஒருவருடையது அவசரம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும், உட்லண்ட்ஸ் பக்கம் விடுதி. அடிபட்ட நண்பர் ஒருவருக்குத் துணையாக முன்பே எங்கள் அறைக்கு வந்துபோனவர். இரும்புத் தகடு வெட்டும் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவர் விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. ஆனால் அடிபட்ட அன்றே, மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு, அவர் இடது கையால் எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தார். மூன்று போட்டோ, கூட வேலை பார்த்தவர் அவர் போனிலேயே எடுத்தது. மூடி கழற்றிய இயந்திரம். தரையில் ரத்தம். மூன்றாவதில் ரத்தத்துக்குப் பக்கத்தில் சூப்பர்வைசரே நின்றுகொண்டிருப்பார். அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. அவருக்காகக் காசு வாங்காமல் வாதாடும் வக்கீலம்மா, அந்த மெயில் தேதி நேரத்தோடு திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றிருந்தார். அது இல்லையென்றால் குளியலறைக் கதைதான் நிற்கும், அவரை விமானம் ஏற்றிவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். பூஜை முடியட்டும், அச்செடுத்துத் தருகிறேன் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

என் கணவர் ஹாலில் செய்தித்தாளை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வெளங்குச்சா உன் விஜயதசமி?"

"சும்மா இருங்க. டிஸ்க்கு வேலை செய்யல."

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடுன்னு. உனக்கு எல்லாம் தெரியும்."

நான் திருப்பிக் கத்தவில்லை. நான் கத்தாததைப் பார்த்து அவருக்கும் பயம் வந்துவிட்டது. செய்தித்தாளை வைத்துவிட்டு வந்து, டிஸ்க்கைக் கையில் வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "இது என்ன மஞ்சளா?" என்றார். ஒயர் செருகும் வாய்க்குள் சந்தனம். நாலு பக்கமும் பொட்டு வைத்தால்தான் எனக்குத் திருப்தி. நாலாவது பக்கத்தில் வாய் இருந்ததை நான் பார்க்கவில்லை. குழைத்த சந்தனம் உள்ளே போய்க் காய்ந்து கட்டியாகிவிட்டது, அதன்மேலேயே நான் நாலைந்து தடவை ஒயரை வைத்து இடித்திருக்கிறேன்.

அன்று சோறு இறங்கவில்லை. ஊசியால் சுரண்டலாமா என்று எடுத்தேன், உள்ளே எதையாவது உடைத்துவிடுவேனோ என்று வைத்துவிட்டேன். கண்ணை மூடினால் அவர் கையின் வெள்ளைக் கட்டு தெரிந்தது. சாமிமேல் பழி போடக்கூட எனக்கு வழியில்லை. பொட்டு வைத்தது நான்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். தேக்கா சந்தைப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை. வைத்திருப்பவர் நாற்பது தாண்டிய நம்மூர்க்காரர், வேலை தெரிந்தவர். ஷட்டரைத் தூக்கிக்கொண்டே டிஸ்க்கை வாங்கினார், விளக்கடியில் பிடித்தார், சிரித்துவிட்டார்.

"சந்தனமாக்கா? ஆயுத பூஜை முடிஞ்சா வருஷா வருஷம் ரெண்டு மூணு வரும் லா. போன வருஷம் ஒரு அண்ணன் பிரிண்டருக்கு உள்ள எலுமிச்சம்பழம் வச்சுட்டாரு."

"தம்பி, அதுல ஒருத்தரோட கேஸ் இருக்கு. திங்கக்கிழமை குடுக்கணும்."

அவர் சிரிப்பு நின்றது. ஏதோ ஒரு திரவத்தைத் தொட்டு, மெல்லிய தூரிகையால் துடைத்தார், மறுபடி துடைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எங்கே விட்டேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். அரை மணி நேரத்தில் ஒயரைச் செருகினார். விளக்கு எரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் லேப்டாப்பையும் கொண்டுபோயிருந்தேன். நகலெடுத்ததை அவர் என் மின்னஞ்சல் நிரலுக்குள் கொண்டுவந்தார். பதினோரு ஃபோல்டரும் வரிசையாக வந்து நின்றன. புதுக்கோட்டைக்காரர் ஃபோல்டரைத் திறந்தேன். "அக்கா இது போட்டோ" என்ற தலைப்பு, தேதி, மதியம் மூன்று மணி சொச்சம், பக்கத்தில் இணைப்பு இருப்பதைக் காட்டும் கிளிப் படம். எல்லாம் இருந்தது. சொடுக்கினேன். வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது.

மறுபடி சொடுக்கினேன். வெள்ளை. வேறொருவருடையதைத் திறந்தேன். வெள்ளை. பதினோரு ஃபோல்டரிலும் தலைப்பு இருந்தது, தேதி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

கடைக்காரர் டிஸ்க்கில் இருந்த கோப்புகளின் அளவை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, காப்பி பண்றப்ப மெயில் புரோகிராம தொறந்தே வச்சிருந்தீங்களா?"

"ஆமா. எப்பவும் தொறந்துதான் இருக்கும்."

"அப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கணுமே. ஒரு ஃபைல காப்பி பண்ண முடியல, திரும்ப ட்ரை பண்றதா, விட்டுட்டுப் போறதான்னு?"

வந்தது. அந்த நிமிடமே எனக்கு ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பூஜைக்குப் பூ வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன், நேரமானால் நல்ல சாமந்தி போய்விடும். ஒரு பெட்டி வந்து வழிமறித்தது. நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, எட்டி வந்து, "விட்டுவிடு" என்று அழுத்திவிட்டுப் போனேன். ஒரே ஒரு கோப்புதானே என்று நினைத்தேன். எல்லா அஞ்சலின் உடம்பும் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கும், மற்றதெல்லாம் வெறும் அட்டவணை என்று கடைக்காரர் சொன்னார். சந்தனம் போகட்டும், அது பக்தியில் வந்த பிழை. இது என் அவசரம்.

லேப்டாப்பிலேயே பழையதைத் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதன்மேல் புதியது எழுதிவிட்டது, வாய்ப்பு குறைவு, ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். விட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை மதியம் போன் செய்தார். "சாரிக்கா. கெடைக்கல." அதற்கும் மேல் அவர் ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை.

வக்கீலம்மாவிடம் முதலில் சொல்வதா, புதுக்கோட்டைத் தம்பியிடம் முதலில் சொல்வதா? என் கணவர் கேட்டார், "யாருக்கு வெரலு போச்சு?" அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. பொய் சொல்லலாமா என்றும் யோசித்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். மெயில் வரவே இல்லை, நீங்கள் சரியாக அனுப்பவில்லை என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார். இடது கையால் அனுப்பியதுதானே என்று தன்னையே நொந்துகொள்வார். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. எனக்கு என்னையே பார்க்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். சந்து நிறைய ஆட்கள், சாமான் கட்டுகள், போனைக் காதில் வைத்து ஊரோடு பேசும் சத்தம். நான் மாடி ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். வழக்கம்போல் இடது கை விரலில் எனக்கொரு டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

"என்னக்கா, மொகமே சரியில்ல. ஒடம்பு முடியலயா?"

தயாராக இருந்த பொய் எங்கே போனது என்று தெரியவில்லை. "தம்பி, உங்க மெயில் போயிடுச்சு" என்றேன். பிறகு நிறுத்தாமல் சொன்னேன். பூஜை, சந்தனம், துடைத்தது, "விட்டுவிடு" என்று அழுத்தியது, கடைக்காரர் தேடியது, எல்லாவற்றையும். "அழிக்கச் சொன்னதும் நான், அழிஞ்சு போகவச்சதும் நான்" என்று முடித்தேன்.

அவர் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அக்கா, கோச்சுக்கக் கூடாது. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

"அன்னைக்கு அழிச்சுட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்ல. அழிச்சேன், பொய்யில்ல. ஆனா அதுக்கு முந்தி, அந்த மெயில அப்புடியே என் வீட்டுக்காரிக்கு அனுப்பிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அவங்ககிட்ட இருக்கா?" என்றேன். "இருக்குக்கா" என்றார். போட்டோ மூன்றும், நான் பார்த்த அதே தேதி நேரத்தோடு. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நாலு நாளாக நெஞ்சில் இருந்த கல் அப்படியே இறங்கியது. இறங்கியபின்தான் இன்னொன்று உறுத்தியது. நானும் மனுஷிதானே. இத்தனை மாதமாக இவருக்கு எத்தனை மனு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை.

"என்மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"அய்யோ, அப்புடியில்லக்கா. நீங்க நல்லவங்க." கொஞ்சம் தயங்கினார். "சூப்பர்வைசரும் மொதல்ல நல்லவராத்தான் இருந்தாரு. வந்து எறங்குன அன்னைக்கே பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டாரு. எங்கிட்ட குடுத்துடு, நான் பத்திரமா வச்சிருக்கேன்னு சொன்னாரு. நீங்களும் அதே மாதிரியே சொன்னீங்களா, எனக்கு என்னமோ பயமாப் போச்சு."

அவர் கொண்டுவந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் குவளையில் ஊற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அப்போதே மனைவிக்கு வீடியோவில் கூப்பிட்டார். சின்னப் பெண். பின்னால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம்க்கா, அவர நல்லா பாத்துக்கிறீங்களாம்" என்றாள். அவர் விஷயத்தைச் சொன்னதும், "அப்ப உங்களுக்கே மறுபடி அனுப்பட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு வேணாம்மா. வக்கீலுக்கு நேரா அனுப்பிடு. அனுப்பிட்டு நீயும் அழிக்காத."

அவள் அனுப்பினாள். கால் மணி நேரத்தில், கிடைத்தது, செவ்வாய்க்கிழமைக்கு இது போதும் என்று வக்கீலம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அவர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். படியில் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் பத்து ஃபோல்டர் வெள்ளையாகக் கிடந்தது. நான் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். என் பேச்சை யாரும் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே எண்களை அழுத்தினேன். வாழ்நாளில் நான் அப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. முதலாமவர் எடுக்கவில்லை. இரண்டாமவர், "அழிக்கலக்கா, சோம்பேறித்தனம், திட்டாதீங்க" என்றார். நல்லா இருப்பா என்று வாழ்த்தினேன். மூன்றாமவரும் அழிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நாலாமவர் கண்ணில் இரும்புத் தூள் பட்டவர், ஒரு கண்ணில் பார்வை மங்கிப்போனவர். விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"தம்பி, நான் போட்டோவெல்லாம் அழிக்கச் சொன்னேனே, அழிச்சிட்டீங்களா?"

"அன்னைக்கே அழிச்சிட்டேன்க்கா. அனுப்புன மெயிலையும் அழிச்சிட்டேன். யாருக்கும் காட்டல. நீங்க சொன்னபடி ஒண்ணு விடாம செஞ்சுட்டேன்."

கீழே காய்கறிக் கடையில் யாரோ விலை கேட்கும் சத்தம் கேட்டது.

"ஏன்க்கா?" என்றார் அவர். "உங்ககிட்ட பத்திரமாத்தானே இருக்கு?"